மருந்துத் துணி

எங்கள் வீட்டுக்கு வாஷிங் மிஷின் சீராக வந்தது. தம்பி பிறந்தபோது தாய்மாமன் தங்கத்தில் ஏதாவது போடுவார் என்று அப்பா வகைச் சொந்தமெல்லாம் வாயைப் பிளந்துகொண்டு காத்திருக்க, மாமா கம்பத்திலிருந்து குமுளி மலையேறி வந்து, ஒரு குட்டியானை வண்டியிலிருந்து அதை இறக்கினார். பக்கத்து வீட்டுப் பெரியம்மா, அதாவது அப்பாவின் அண்ணன் மனைவி, "அரைஞாண் கொடி வரும்னு பாத்தா பீரோ கணக்கா என்னத்தையோ கொண்டாந்து வச்சிருக்காங்க" என்று என் காதுபடவே முணுமுணுத்தார். அம்மாவுக்கு வாயெல்லாம் பல். எங்கள் இடுக்கி மலையில், வண்டன்மேட்டில் மழைக்காலத்தில் பிள்ளை பெற்றவளுக்குத்தான் அதன் அருமை தெரியும். மாதக்கணக்கில் வெயில் எட்டிப் பார்க்காது. மூட்டம் வீட்டுக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொள்ளும். அதுவரை பிள்ளைத்துணியெல்லாம் அடுப்புக்கு மேல் கட்டிய கொடியில் காய்ந்துதான் தம்பிக்கு வந்து சேர்ந்தது. அவனைத் தூக்கினால் பால் வாசமும் புகை வாசமும் சேர்ந்து அடிக்கும்.

அது இரட்டைத் தொட்டி மிஷின். ஒரு தொட்டி துவைக்கும், ஒரு தொட்டி பிழியும். அம்மா அதைப் பார்த்துக்கொண்ட மாதிரி எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தால் நானும் தம்பியும் இன்னும் நாலு விரல்கடை உயரமாக வளர்ந்திருப்போம். துவைத்து முடித்ததும் இரண்டு மூடியையும் திறந்து வைத்து ஆறவிட வேண்டும். நூலும் பஞ்சும் சேர்கிற வலைப்பையைக் கழற்றி உதற வேண்டும். எங்களுக்குத் தண்ணீர் மேட்டில் இருக்கிற ஓலியிலிருந்து குழாயில் வரும். ஊற்றுக்குழிக்கு எங்கள் பக்கம் அதுதான் பெயர். தண்ணீரோடு மணலும் இலைத்துணுக்கும் வருமாதலால், குழாய் வாயில் உள்ள சின்னச் சல்லடையை வாராவாரம் கழுவ வேண்டும். மாதத்தில் ஒரு ஞாயிறு பெரிய சுத்தம். தொட்டியின் அடியில் சுழலுகிற தட்டின் நடுத்திருகைக் கழற்றி அம்மா தட்டை அப்படியே வெளியே எடுத்துவிடுவார். அதற்கடியில் சாம்பல் நிறத்தில் சளி மாதிரி ஒன்று அப்பியிருக்கும். பழைய பல் பிரஷ்ஷால் அதைத் தேய்த்தெடுத்து, எலுமிச்சம்பழமும் சோடா உப்பும் போட்ட சுடுதண்ணீரை ஊற்றி, துணியே இல்லாமல் சும்மா ஓடவிடுவார். அந்த நேரம் முழுக்க திருகைக் கையில் வைத்திருப்பது என் உத்தியோகம். "தொலைச்சே, உன்னையத்தான் உள்ள போட்டுச் சுத்துவேன்" என்பார். நான் பிறவியிலேயே பயந்தாங்கொள்ளி. சுத்தினாலும் சுத்துவார் என்று நம்பி, உள்ளங்கையில் திருகின் வரி பதியும் அளவுக்குப் பிடித்துக்கொண்டு நிற்பேன்.

மிஷினுக்கு என்று அம்மா போட்ட சட்டங்களில் தலையாயது மருந்துத் துணி பற்றியது. எங்களுக்குக் கொஞ்சம் ஏலத்தோட்டம் உண்டு. ஏலச்செடிக்குப் பூச்சி வராமல் மருந்தடிக்க வேண்டும். அப்பா மருந்தடிக்கும்போது உடுத்துகிற காக்கிச் சட்டையும் கைலியும்தான் மருந்துத் துணி. அது வீட்டுப் படி ஏறக்கூடாது. வெளிக்குழாயடியில் ஓர் ஆணி, ஆணிக்குக் கீழே ஒரு சிவப்பு வாளி. அப்பாவே அங்கேயே அலசி, அங்கேயே மாட்டி, அங்கேயே குளித்துவிட்டுத்தான் உள்ளே வருவார். அந்த வாளியில் நான் ஒரு தடவை காகிதக் கப்பல் விட்டதற்கு அம்மா என் முதுகில் வைத்த அடி எனக்கு இன்னும் மறக்கவில்லை. எனக்கு அதில் ஒரு குழப்பம் இருந்தது. காய்ச்சலுக்கு மூக்கைப் பிடித்து வாயில் ஊற்றுவதும் மருந்து, கை பட்டாலே சோப்புப் போட்டுக் கழுவ வேண்டியதும் மருந்து. இது எப்படி என்று பெரியம்மாவிடம் கேட்டேன். "அது செடிக்கு மருந்து, நமக்கு எமன்" என்றார். ஒரே பெயரை எதற்கு இரண்டுக்கும் வைத்தார்கள் என்று அவருக்கும் தெரியவில்லை.

இன்னொரு பயமும் எனக்கு இருந்தது. பொய் சொன்னால் சாமி கண்ணைக் குத்தும். எல்லா வீட்டிலும் சொல்வதுதான். ஆனால் எங்கள் வீட்டுக் காலண்டரில் இருந்த முருகன் கையில் வேல் இருந்தது. வேல் எதற்கு என்று எனக்கு யாரும் விளக்கவே வேண்டியிருக்கவில்லை.

நான் இரண்டாம் வகுப்புப் படித்த வருடம் அது. ஒரு நாள் கனமழை வரும் என்று கலெக்டர் பள்ளிக்கூடங்களுக்கு லீவு விட்டார். கலெக்டர் லீவு விட்டால் மழை வராது என்பது இடுக்கிப் பிள்ளைகள் எல்லோருக்கும் தெரிந்த உண்மை. அன்றும் வரவில்லை. வானம் வெளுத்திருப்பதைப் பார்த்த அப்பா, மழைக்கு முந்தி ஒரு மருந்து அடித்துவிடலாம் என்று விடிந்ததும் தோட்டத்துக்குப் போய்விட்டார். கூட வருகிற ஆள் வரவில்லை. தனியாகவே போனார்.

மதியத்துக்குக் கொஞ்சம் முன்னால் நான் அடுப்படிக்குப் பின்புறச் சார்ப்பில், மிஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து புளியங்கொட்டை ஆடிக்கொண்டிருந்தேன். தொட்டியில் தம்பியின் துணியெல்லாம் சோப்புத் தண்ணீரில் ஊறிக்கொண்டிருந்தது. அம்மா உள்ளறையில் தம்பிக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தார். தோட்டத்துச் சரிவில் அப்பா இறங்கி வருவது தெரிந்தது. மழை பெய்யவில்லை, ஆனால் அப்பாவின் சட்டை முதுகோடு ஒட்ட நனைந்திருந்தது. வெளிக்குழாயைத் தாண்டி வந்தார். ஆணியைத் தாண்டி வந்தார். நேராகச் சார்ப்புக்குள் ஏறி, காக்கிச் சட்டையைக் கழற்றித் தொட்டிக்குள் போட்டார். பனியனோடும் உள் டவுசரோடும் நின்று கைலியையும் அவிழ்த்துப் போட்டார். மூடியை மூடி, குமிழைத் திருகிவிட்டார். மிஷின் ஓட ஆரம்பித்தது.

அப்பா அதுவரை அந்த மிஷினைத் தொட்டதே இல்லை.

"அப்பா, அது தம்பி துணிப்பா" என்றேன்.

"மருந்து ஓஸு பிச்சுக்கிச்சு பாப்பா" என்றார் அப்பா. நான் கேட்டதற்கும் அவர் சொன்னதற்கும் சம்பந்தமே இல்லை. கொடியில் கிடந்த வேறு கைலியை எடுத்துச் சுற்றிக்கொண்டு, குளிக்காமலே, முன்வாசல் படியில் போய் உட்கார்ந்துவிட்டார்.

அம்மாவிடம் சொல்வதா வேண்டாமா? சொன்னால் அப்பாவைக் காட்டிக்கொடுத்ததாக ஆகும். சொல்லாவிட்டால் தம்பிக்கு எமன். தம்பி தூங்குகிற நேரத்தில் அறைக்குள் போனால் எனக்கு அடி. குமிழ் டிக் டிக் என்று திரும்பி வருவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். குமிழ் பூஜ்யத்துக்கு வருவதற்குள் அம்மாவே தலைமுடியை அள்ளி முடிந்துகொண்டு வந்துவிட்டார்.

"அட, நீயா போட்டுவிட்ட? பொறுப்பு வந்துருச்சே" என்று மூடியைத் திறந்தார். நெடி குப்பென்று வந்தது. வெள்ளைத் துணிகளுக்கு நடுவே காக்கிச் சட்டையின் கை ஒன்று மேலே வந்து உள்ளே போனது.

"அடி ஆத்தீ! குடி கெட்டுச்சே!"

அந்தச் சத்தத்துக்குப் பெரியம்மா முருங்கைக்கீரையை உருவியது பாதி உருவாதது பாதியாகக் கையில் பிடித்துக்கொண்டே ஓடி வந்தார். அம்மா முன்வாசலுக்குப் பாய்ந்தார். நானும் பின்னாலேயே ஓடினேன்.

"ஏங்க, மருந்துச் சட்டையவா மிஷின்ல போட்டீங்க?"

அப்பா நிமிர்ந்து பார்த்தார். "நான் போடலயே."

"நீங்க போடாம சட்டை தானா நடந்து வந்துச்சாக்கும்?"

"நான் போடல. ஆணியிலதான் மாட்டுனேன்."

நான் பார்த்திருந்தேன். என் இரண்டு கண்ணாலும் பார்த்திருந்தேன். அப்பா பொய் சொல்கிறார். எங்கள் வீட்டில் பெரியவர்கள் பொய் சொல்லி நான் அதுவரை கண்டதில்லை. எனக்கு அம்மாவின் கோபத்தைவிட உள்ளே சுவரில் வேலோடு நிற்கிறவரை நினைத்துத்தான் பயம்.

அம்மாவுக்கு அவரோடு மல்லுக்கு நிற்க நேரமில்லை. தம்பியைத் தூக்கி வந்து உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால் வரை பார்த்தார். அவன் மேல் ஒரு சொட்டும் படவில்லை. அவன் பாட்டுக்குச் சிரித்தான். அவனைப் பெரியம்மா இடுப்பில் ஏற்றிவிட்டு, பிள்ளைத்துணி அவ்வளவையும் கம்பால் எடுத்துச் சிவப்பு வாளியில் போட்டார். "குழி தோண்டிப் பொதச்சிரு" என்றார் பெரியம்மா. "அம்புட்டுத் துணியையுமா? எங்கண்ணன் வாங்கிக் குடுத்த துணி" என்று அம்மா அழுதார். அப்புறம் மிஷினைக் கழுவத் தொடங்கினார். தண்ணீரை வடித்தார், நிரப்பினார், ஓடவிட்டார், வடித்தார். வடிந்த தண்ணீர் வாழைக்குப் போகிறதே என்று அதற்கும் அழுதார். வலைப்பையைக் கழற்றித் தூர எறிந்தார். நடுத்திருகைக் கழற்றி என்னிடம் கொடுத்தார். தட்டைத் தூக்கி, அடியில் பிரஷ்ஷால் தேய்த்தார், கொதிக்கக் கொதிக்கச் சோடா உப்புத் தண்ணீர் ஊற்றினார். "மஞ்சளப் போடுடி, மஞ்சளுக்குப் போகாத விஷமா?" என்றார் பெரியம்மா. மஞ்சளும் போட்டார்கள். ஒவ்வொரு தடவையும் தொட்டிக்குள் தலையை விட்டு மோந்து பார்த்து, "இன்னும் வருதுக்கா" என்றார் அம்மா. பெரியம்மா மோந்தார். "எனக்கு ஒண்ணும் வரலத்தா. உன் மூக்குல ஏறி உக்காந்துக்கிருச்சு." பிறகு என்னை மோந்து பார்க்கச் சொன்னார்கள். எனக்கு எல்லா வாசமும் வந்தது. எதைச் சொன்னால் தப்பிக்கலாம் என்று தெரியாமல் முழித்தேன்.

அவர்கள் தொட்டிக்குள் தலையை விட்டிருந்த நேரத்தில் நான் திருகோடு முன்வாசலுக்குப் போனேன். அப்பா அதே படியில் அப்படியே இருந்தார். நல்ல குளிர், மூட்டம் முற்றத்தில் நின்றது. அப்பாவின் நெற்றியிலும் கழுத்திலும் வேர்வை ஓடிக்கொண்டிருந்தது. கண்ணில் தண்ணீர் வழிந்தது. வாயிலும் ஊறி ஊறித் துப்பிக்கொண்டே இருந்தார்.

"பாப்பா, லைட்டப் போடு" என்றார்.

பட்டப்பகல். நான் வாசல் லைட்டைப் போட்டேன். குண்டு பல்பு வெளிச்சத்தோடு வெளிச்சமாக மங்கி எரிந்தது.

"போட்டுட்டேம்ப்பா."

"போடு தாயி. இருட்டா இருக்குல்ல."

எனக்குப் புரிந்துவிட்டது. சாமி கண்ணைக் குத்திவிட்டது.

அம்மாவிடம் ஓடினேன். "அம்மா, அப்பாவுக்குக் கண்ணு..." என்று ஆரம்பித்தேன். "அவருக்கென்ன, நோகாம நொங்கு தின்ன மாதிரி உக்காந்திருக்காரு. திருகு எங்க?" என்றார் அம்மா, தலையை வெளியே எடுக்காமலே. கையை விரித்துத் திருகைக் காட்டினேன். தம்பியை வைத்துக்கொண்டு முன்பக்கம் போன பெரியம்மா திரும்பி வந்து, "ஏத்தா, உன் வீட்டுக்காரரு கண்ணுல தண்ணியா வடியுது. ஆம்பளைய அழ வச்சிட்டியே" என்றார். அம்மாவின் கை ஒரு நொடி நின்றது. "அழுகட்டும்க்கா. பிள்ளைக்கு ஒண்ணு ஆயிருந்தா நானில்ல அழணும்" என்று மறுபடியும் தேய்க்க ஆரம்பித்தார். நாங்கள் எல்லோரும் அந்தத் தொட்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம்.

முன்வாசலில் தொப்பென்று சத்தம் கேட்டது. அப்பா படியிலிருந்து சரிந்து, வாந்தியெடுத்துக்கொண்டு கிடந்தார். அம்மா போட்ட அலறலில் தம்பியும் அழ ஆரம்பித்தான். பெரியப்பா ஜீப்பை எடுத்து வந்தார். அந்தக் களேபரத்திலும் அம்மா ஒரு காரியம் செய்தார். ஆஸ்பத்திரிக்குப் போகிற மனுஷன் அலங்கோலமாகப் போகக்கூடாது என்று, முகத்தைத் துடைத்து, ஈரப் பனியனுக்கு மேலேயே திருவிழாவுக்குப் போடுகிற வெள்ளைச் சட்டையை மாட்டிவிட்டார். என்னை யாரும் வரச் சொல்லவில்லை. வர வேண்டாம் என்றும் சொல்லவில்லை. ஏறிக்கொண்டேன். கட்டப்பனை போகும் வரை அப்பாவின் கால் என் மடியில் கிடந்தது. அது அவ்வப்போது தானாகத் துடித்தது.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் அக்கா மலையாளத்தில் கேட்டார்: "மருந்து வல்லதும் கழிச்சோ?"

மலையாளத்தில் மருந்து கழிப்பது என்றால் மாத்திரை சாப்பிடுவது. ஏற்கெனவே ஏதாவது வியாதிக்கு மாத்திரை எடுக்கிறாரா என்றுதான் அவர் கேட்டார். எங்கள் பேச்சில் ஒரு மனுஷன் மருந்து குடித்தான் என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான். இத்தனை வருடம் மலையாளத்துக்காரர்களோடு புழங்கிய அம்மாவுக்கு அந்த நேரத்தில் மலையாளம் முழுக்க மறந்து, மருந்து என்ற சொல் மட்டும் தமிழில் காதில் விழுந்தது.

"மருந்தா? எங்க வீட்டுக்காரரா? மருந்து குடிக்கிற ஆளா அவரு? வீட்டுல என்ன கொறை அவருக்கு?" என்று அம்மா கத்தினார். நர்ஸ் ஒன்றும் புரியாமல் மறுபடியும் கேட்டார். போலீஸ் கேஸாக்கிவிடுவார்கள் என்று பயந்த பெரியப்பா, "மருந்தே நம்ம வீட்டுப் பக்கம் கெடையாதுங்க" என்று ஒரே போடாகப் போட்டார். "கெடையாது, கெடையாது" என்று அம்மாவும் கூடச் சேர்ந்துகொண்டார். வெள்ளைச் சட்டையில் அப்பா கல்யாணத்துக்கு வந்த ஆள் மாதிரி படுத்திருந்தார். மூச்சு கரகரவென்று இழுத்தது.

டாக்டர் வந்து அப்பாவின் இமையைத் தூக்கி, கண்ணுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தார். அதைப் பார்த்ததும் எனக்குத் தாங்கவில்லை. கண்ணில் குத்துப்பட்டது அவருக்குத் தெரிந்துவிட்டது. எதற்குக் குத்தியது என்று தெரியாமல் எப்படி வைத்தியம் பார்ப்பார்? இங்கே என் அம்மாவும் பெரியப்பாவும் சேர்ந்துகொண்டு வேறு பொய் சொல்கிறார்கள். எல்லோர் கண்ணும் போகப்போகிறது.

"அப்பாதான் பொய் சொன்னாரு" என்று அழுதுகொண்டே சொன்னேன். "மருந்துத் துணிய மிஷின்ல போட்டது அப்பாதான். நான் பாத்தேன். போடலைன்னு பொய் சொன்னாரு. அதான் சாமி கண்ணக் குத்திருச்சு. பகல்லயே லைட்டப் போடச் சொன்னாரு."

எங்கள் பக்கத்து டாக்டர்களுக்குத் தமிழ் தெரியாமல் பிழைப்பு ஓடாது. அவர் சட்டென்று என் உயரத்துக்குக் குனிந்தார். "எந்து துணி மோளே?"

"மருந்தடிக்கிற துணி. ஏலத்துக்கு. நனைஞ்சு வந்தாரு."

அவ்வளவுதான். டாக்டர் ஏதோ உரக்கச் சொன்னார், ஆட்கள் ஓடி வந்தார்கள். வெள்ளைச் சட்டையைக் கத்தரியால் வெட்டினார்கள், பனியனை வெட்டினார்கள், ஊசி மேல் ஊசி போட்டார்கள். பிறகு சோப்பும் தண்ணீருமாக அப்பாவைத் தேய்த்துக் கழுவினார்கள், கழுவிய தண்ணீரை வடித்தார்கள், மறுபடியும் கழுவினார்கள். அன்று அம்மா மிஷினுக்குச் செய்ததையெல்லாம் அவர்கள் அப்பாவுக்குச் செய்தார்கள். பிறகு கதவைச் சாத்திவிட்டார்கள்.

அம்மா வராந்தாச் சுவரோடு சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டார். என்னை ஒரு பார்வை பார்த்தார். வீட்டு விஷயத்தை வெளியே சொன்னதற்கு வீட்டுக்குப் போனதும் இருக்கிறது என்று நினைத்தேன். ஆனால் அம்மா அடிக்கவில்லை. "நான் மிஷினக் கழுவிக்கிட்டு இருந்தேனே... அவரு அங்க உக்காந்திருக்க, நான் மிஷினக் கழுவிக்கிட்டு இருந்தேனே" என்று அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.

பாதிச் சுத்தத்தில் விட்டுவிட்டு வந்த மிஷினை நினைத்துத்தான் அழுகிறார் என்று எனக்குப் பட்டது. கையைப் பிரித்து, வேர்வையில் நனைந்திருந்த திருகை அவர் உள்ளங்கையில் வைத்தேன். "தொலைக்கலம்மா. பத்திரமா வச்சிருந்தேன்" என்றேன். அம்மா அதைப் பார்த்தார். என்னை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு முன்னைவிடப் பெரிதாக அழுதார். தொலைக்காததற்கும் அழுவார்களா என்று எனக்கு எரிச்சலாகக்கூட இருந்தது.

மருந்து தோல் வழியாகவே உடம்புக்குள் இறங்கும் என்பதும், கண்ணையும் புத்தியையும் ஒருசேர இருட்டடிக்கும் என்பதும், அன்று அந்தத் துணியை எங்கே போட்டோம் என்று அப்பாவுக்கு மெய்யாகவே நினைவில்லை என்பதும் எனக்குத் தெரிய வெகுகாலம் ஆயிற்று. அப்பா பொய்யே சொல்லவில்லை.

கொஞ்ச நாள் கழித்து அப்பா வீட்டுக்கு வந்தார். மெலிந்து, குரல் கம்மி, யாரோ மாதிரி இருந்தார். மிஷினின் இரண்டு மூடியும் திறந்தே கிடந்தன. அம்மா அந்தப் பக்கமே போகவில்லை. எல்லோரும் கூடத்தில் இருந்தார்கள். அப்பா என்னைக் கூப்பிட்டார். நான் கதவுக்குப் பின்னால் போய் நின்றேன். பெரியம்மா என் தோளைப் பிடித்து முன்னால் தள்ளினார்.

"டாக்டர்கிட்ட மிஷின் கதையச் சொன்னது நீதானாமே பாப்பா?" என்றார் அப்பா.

வீடே என்னைப் பார்த்தது. ஊர் ஆஸ்பத்திரியில் வைத்து அப்பாவைப் பொய்யர் என்று சொன்னவள் நான். அம்மா வாயை முந்தானையால் பொத்திக்கொண்டிருந்தார். இனி அழுது பிரயோஜனமில்லை.

"நான் இல்லப்பா" என்றேன்.

"நீதான் சொன்னேன்னாங்களே."

"நான் சொல்லல. சாமி சத்தியமா நான் சொல்லல."

சொன்ன பிறகுதான் நான் காலண்டருக்கு நேர் எதிரே நிற்பது தெரிந்தது. வேல் வருவதற்குள் இரண்டு கண்ணையும் இறுக மூடிக்கொண்டேன். அப்பாவின் கைகள்தான் வந்தன. என்னை அப்படியே வாரி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அவர் குலுங்கிக் குலுங்கி அழுதார். காட்டிக்கொடுத்த பிள்ளையை எதற்காக இப்படிக் கட்டிப்பிடிக்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை. என்ன ஆனாலும் சரி, கண்ணை மட்டும் திறக்கக்கூடாது என்று மூடியபடியே இருந்தேன்.